மூணாவது டிராயரில் என்ன இருக்கு?

மெடிக்கல் ஷாப்பில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரிவது பாதிதான். மிச்சப் பாதியைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. குரோம்பேட்டையில் ரயில்வே லைனைத் தாண்டி ராதா நகர் பக்கம் இருக்கும் ஒரு கடையில் அது நிறைவேறியது. “கடை பேரு போடக் கூடாது, என் பேரும் போடக் கூடாது, எதையும் தொடவும் கூடாது” என்று நிபந்தனை போட்டுவிட்டு, பார்மசிஸ்ட் அக்கா கவுன்டர் பலகையைத் தூக்கினார். நான் உள்ளே!

மேல் டிராயரில் காய்ச்சல், தலைவலி. அடுத்ததில் கேஸ், நெஞ்செரிச்சல், புளியேப்பம். “இந்தாங்க, நீங்க கேட்டது” என்று மூன்றாவதை இழுத்தார். வயிற்றோட்ட டிராயர்! பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்று அட்டை அட்டையாக மாத்திரை, கேப்ஸ்யூல், சாஷே. எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை. (வைக்கவும் கூடாது.)

இந்த டிராயருக்கென்று ஒரு தனிக் குரலே இருக்கிறது. தலைவலி மாத்திரையைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்கிற மனிதர், இதற்கு மட்டும் கவுன்டர் மேல் சாய்ந்து, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “அக்கா... காலையிலேர்ந்து ஆறு வாட்டி” என்கிறார். எதற்கு ஆறு வாட்டி என்று அக்கா கேட்பதில்லை. திங்கட்கிழமை காலையில் இந்தக் கிசுகிசு அதிகமாம். “ஞாயித்துக்கிழமை பிரியாணிங்க, வேற என்ன” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

டிராயருக்குள் போவதற்கு முன்னால் வயிற்றுக்குள் ஒரு நடை போய்வந்துவிடுவோம், கணக்கு அசத்தலாக இருக்கிறது. ஒரு நாளில் நாம் குடிப்பது, சாப்பாட்டில் இருப்பது எல்லாம் சேர்த்து சுமார் 2 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. உடம்பு தன் பங்குக்கு எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று இன்னும் சுமார் 7 லிட்டரை ஊற்றுகிறது. ஆக 9 லிட்டர்! அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், மிச்சத்தைப் பெருங்குடலும் உறிஞ்சிக்கொள்கின்றன. கடைசியில் வெளியே போவது 100, 200 மில்லிதான். குடல் கொஞ்சம் வேகமாக நகர்ந்தாலோ, கிருமி ஒன்று குடல் சுவரை நீர் கொட்ட வைத்தாலோ, இந்த வரவு செலவு கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எல்லாரும் ஒருமுறையாவது அனுபவித்திருக்கிறோம், அதுவும் பெரும்பாலும் கல்யாண வீட்டில்.

குடலுக்கென்று சொந்த நரம்பு மண்டலம் உண்டு. கோடிக்கணக்கான நரம்பு செல்கள் குடல் சுவருக்குள்ளேயே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. தசை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் வலையை 1862இல் லியோபோல்ட் ஔவர்பாக் என்ற ஜெர்மானியர் விவரித்தார். அவர் பேரிலேயே அது இன்றும் வழங்குகிறது. எங்கே சுருங்க வேண்டும், எங்கே தளர வேண்டும் என்பதை மூளையைக் கேட்காமலேயே இந்த வலை முடிவு செய்யும். இந்த வலையைத்தான் நம் டிராயரின் முதல் நாயகன் போய்ப் பிடிக்கிறான்.

அக்கா ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். லோபெரமைடு, 2 மில்லிகிராம். நம் ஊரில் பல கம்பெனிகள் பல பேரில் போட்டாலும், உலகத்துக்கு இதை அறிமுகப்படுத்திய பேர் இமோடியம். அட்டையின் ஓரத்தில் சின்ன ஆர்.எக்ஸ். அடையாளம், அதன் கீழே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. ஷெட்யூல் எச் மருந்து. “இதைப் படிச்சிட்டு யாராவது சீட்டு கொண்டுவந்து பாத்திருக்கீங்களா?” என்று அக்காவே கேட்டு, அக்காவே சிரித்துக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயமே. இந்தச் சாது கேப்ஸ்யூல் யாருடைய சொந்தக்காரன் தெரியுமா? அபினுடைய சொந்தக்காரன்! சத்தியமாக. ஓபியாய்டு வகை. அபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கட்டிக்கொள்ளும் என்பது பழங்கால வைத்தியர்களுக்கே தெரிந்த சங்கதி. வயிற்றுக்கடுப்புக்கு அதை மருந்தாகவும் கொடுத்துவந்தார்கள். பெல்ஜியத்தில் பால் யான்சென் என்ற டாக்டர், பெத்தடின் போன்ற வலிநிவாரணிகளைப் புரட்டிப் புரட்டி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1956இல் டைஃபினாக்ஸிலேட் பிறந்தது. 1960இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஃபென்டனில் பிறந்தது. ஆமாம், இன்றைக்கு அமெரிக்காவை ஆட்டிப்படைக்கிற அதே ஃபென்டனில். 1969இல் லோபெரமைடு. ஒரே குடும்பம், ஒரு பிள்ளை ஆபரேஷன் தியேட்டருக்குப் போனது, இன்னொரு பிள்ளை குரோம்பேட்டை டிராயருக்கு வந்தது.

குடல் வலையில் ‘மியூ’ என்ற ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. லோபெரமைடு அவற்றில் போய் உட்கார்ந்ததும், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் குறைந்துவிடுகிறது. குடலின் ஓட்டம் தணிகிறது. உள்ளே இருக்கும் நீர் அதிக நேரம் தங்குவதால் அதிகம் உறிஞ்சப்படுகிறது. போதாக்குறைக்கு ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தையும் அது கொஞ்சம் கூட்டிவிடுகிறது, ‘அடக்க முடியலையே’ என்ற அவசரம் குறைவது அதனால்தான். மூன்று வேலை, ஒரே கேப்ஸ்யூல்.

சரி, அபின் வம்சம் என்றால் போதை ஏற வேண்டாமா? அதுதான் எனக்குத் தலைகால் புரியாத குஷி கொடுத்த இடம். வாயில் போட்டதில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் சுற்றப் போவதில்லை. குடலும் கல்லீரலும் வழியிலேயே வடிகட்டிவிடுகின்றன. அப்படியும் தப்பித்து மூளை வாசல் வரை வந்துவிட்டால், அங்கே பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு புரதம் நிற்கிறது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலை அதற்கு. உள்ளே கால் வைத்த லோபெரமைடைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் வயிறு மட்டும் அடங்குகிறது, மண்டை தெளிவாக இருக்கிறது.

வாட்ச்மேன் லீவு போட்டால்? அந்தச் சோதனையையும் செய்து பார்த்துவிட்டார்கள். இந்தப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு லோபெரமைடு கொடுத்தபோது, அவை அபின் கொடுத்த எலிகளின் லட்சணத்தைக் காட்டின. சோதனைக்கூடம் வரை போகவே வேண்டாம். காலி (collie) இன நாய்கள் பலவற்றுக்கு இந்தப் புரதத்துக்கான மரபணுவிலேயே கோளாறு உண்டு. அவற்றுக்கு லோபெரமைடு கொடுத்தால் சொருகிக்கொண்டு தள்ளாடும். (வீட்டு நாய்க்கு வயிறு சரியில்லை என்று மூணாவது டிராயரைக் கைகாட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். கால்நடை டாக்டரிடம் போங்கள், தயவுசெய்து.) மனிதர்களிடமும் வாட்ச்மேனை அசர வைக்கும் மருந்துகள் உண்டு. இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் குவினிடின் ஒன்று, எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர் இன்னொன்று. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகொனசோலும் ரத்தத்தில் லோபெரமைடின் அளவை ஏற்றிவிடும். “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று டாக்டர் கேட்பது சும்மா பேச்சுக்கு இல்லை.

இங்கே நின்று ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘பக்க விளைவு’ என்று நாம் சொல்லும்போது, மருந்து நல்ல வேலையைச் செய்துவிட்டு, கூடவே திருட்டுத்தனமாக வேறு எதையோ செய்துவிட்டது என்ற நினைப்பு இருக்கிறது. இந்த டிராயரைப் பொறுத்தவரை அப்படி இல்லவே இல்லை. பெரும்பாலும் அதே வேலைதான், கொஞ்சம் தூக்கலாக, அல்லது வேண்டாத இடத்தில். லோபெரமைடு ஓட்டத்தைத் தணிக்கிறது. கொஞ்சம் கூடினால் மலச்சிக்கல், வயிற்று உப்புசம், பிடிப்பு, குமட்டல். ‘ரெண்டு நாளா சுத்தமா போகலக்கா’ என்று அதே ஆள் திரும்பி வந்து அடுத்த டிராயரை இழுக்க வைப்பதும் நடக்கிறது. வாய் வறட்சி, தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம் சிலருக்கு.

இவை சில்லறை. பெரிய விவகாரம் எங்கே வருகிறது என்றால், குடல் ஒரு காரணத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்துவதில். ரத்தமும் சளியுமாகப் போகிறது, கூடவே காய்ச்சல் என்றால், கிருமி குடல் சுவரையே கடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓட்டத்தை நிறுத்தினால் கிருமியும் அதன் நஞ்சும் உள்ளேயே தங்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் வந்த மோசமான சிலவகை வயிற்றோட்டத்திலும் பெருங்குடல் பலூனாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே வேலைதான், நேரம்தான் தப்பு.

அக்காவின் கேள்விப் பட்டியலுக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தபோதே எம்.ஐ.டி. காலேஜ் பையன் ஒருவன் வந்தான், முகம் வெளிறி. ராத்திரி ஊருக்கு பஸ்ஸாம். அக்கா அட்டையை எடுக்கவே இல்லை.

“ரத்தம் போகுதா தம்பி?”

“இல்லக்கா.”

“ஜுரம்?”

“இல்ல.”

“யூரின் கடைசியா எப்ப போனே?”

பையன் யோசித்தான். யோசித்த விதமே சரியில்லை. “முதல்ல பக்கத்துல கிளினிக்குக்குப் போ, சீட்டு வாங்கிட்டு வா. இந்தா, போறவரைக்கும் இதைக் கலக்கிக் குடி” என்று ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டினார். பையனுக்கு ஏமாற்றம். அவன் கேட்டு வந்தது மாயாஜாலம், கிடைத்தது உப்பு.

அடுத்து வந்த அம்மா கேட்டது இரண்டு வயதுக் குழந்தைக்கு. “பெரியவங்க மாத்திரையிலேயே பாதி உடைச்சுக் கொடுங்களேன்.” அக்காவின் குரல் மாறிவிட்டது. “அந்தப் பேச்சே வேணாம்மா. குழந்தைங்க டாக்டர்கிட்ட இப்பவே தூக்கிட்டுப் போங்க.” அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பான சரித்திரம் இருக்கிறது. லோபெரமைடு சொட்டு மருந்தாகக் குழந்தைகளுக்கும் விற்ற காலம் உண்டு. பாகிஸ்தானில் அதைக் கொடுத்த பச்சிளங்குழந்தைகளுக்குக் குடல் அசைவே நின்றுபோய்ச் சில குழந்தைகள் இறந்தன. 1990இல் கம்பெனி அந்தச் சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் லோபெரமைடு, டைஃபினாக்ஸிலேட், அட்ரோபின், பெல்லடோனா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்த குழந்தைகளுக்கான வயிற்றோட்ட மருந்துகள் தடைப்பட்டியலில் இருக்கின்றன. குழந்தைகளிடம் மூளை வாசல் காவலும் முழுதாக நிலைபெற்றிருக்காது. குடலும் சட்டென்று ஸ்தம்பித்துவிடும்.

மனம் கனத்துவிட்டதா? டிராயரின் மூலையில் இருக்கும் அட்டையைப் பாருங்கள், உற்சாகம் திரும்பிவிடும். டைஃபினாக்ஸிலேட், கூடவே அட்ரோபின். உலகப் புகழ்பெற்ற பேர் லோமோட்டில். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் மருந்துப் பெட்டியிலேயே இது இருந்தது! புவியீர்ப்பு இல்லாத இடத்தில் வயிற்றால் போனால்... வேண்டாம், கற்பனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நாசாவே பயந்திருக்கிறது என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த மாத்திரையில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. டைஃபினாக்ஸிலேட் 2.5 மில்லிகிராம் என்றால், அட்ரோபின் 0.025 மில்லிகிராம், அதாவது நூறில் ஒரு பங்கு. அவ்வளவு துளி எதற்கு? வயிற்றுக்காக இல்லை, திருட்டுத்தனத்துக்காக! டைஃபினாக்ஸிலேட் மூளைக்குள் கொஞ்சம் நுழையும். நிறைய விழுங்கினால் போதை தரும். ஒருவன் போதைக்காகக் கைநிறைய விழுங்கினால், கூடவே சேர்ந்து ஏறும் அட்ரோபின் அவன் நாக்கை உலர்த்தி, பார்வையை மங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க விட்டு, ‘இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்’ என்று சொல்ல வைக்கும். நம் ஊர்ப் புறம்போக்கில் முளைக்கும் ஊமத்தையிலும் இந்த அட்ரோபின் வகையறாதான். பக்க விளைவையே வேலைக்கு வைத்துக்கொண்ட மாத்திரையை வேறெங்கே பார்ப்பீர்கள்?

இந்த அட்டையைக் கொடுப்பதற்கு அக்கா ஒரு தனி நோட்டை எடுக்க வேண்டும். 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச் 1 பட்டியலில் டைஃபினாக்ஸிலேட்டும் உண்டு. சீட்டு எழுதிய டாக்டர் பேர், முகவரி, நோயாளி பேர், மருந்து, எத்தனை மாத்திரை, எல்லாம் எழுத வேண்டும்; நோட்டை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். புரட்டிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். “நோயாளிங்க பேரு இருக்கு, காட்ட மாட்டேன்” என்று நோட்டு டிராயருக்குள் போய்விட்டது. நல்ல பார்மசிஸ்ட்.

லோபெரமைடையும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் வேறு ஓபியாய்டு கிடைக்காதவர்கள், வாட்ச்மேனைக் கூட்டமாகத் தாக்குவதுபோல, ஒரே நேரத்தில் ஏராளமாக விழுங்கிப் பார்த்தார்கள். மூளை வாசல் எப்படியோ, இதயம் அதற்கு முன்னால் அகப்பட்டுக்கொண்டது. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பொட்டாசியம் வாய்க்கால்களை அந்த அளவு லோபெரமைடு அடைத்துவிடும். துடிப்பு தாறுமாறாகி மரணம்கூட நேரும். 2016இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அதே கேப்ஸ்யூலைத்தான், டாக்டர் மேற்பார்வையில், இரினோடீகன் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் கடும் வயிற்றோட்டத்துக்கு வழக்கத்தைவிடத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அங்கே அது உயிர் காக்கும் மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் வலி தணிப்புப் பராமரிப்புப் பிரிவில் அதற்கு இடம் உண்டு.

டிராயரில் அடுத்தது ரேஸ்கடோட்ரில். நம் ஊரில் ரெடோட்டில் என்று கேட்கிறார்கள். இது வேறு பள்ளிக்கூடம். குடலின் ஓட்டத்தைத் தொடவே தொடாது. நம் உடம்பே தயாரிக்கும் என்கெஃபலின் என்ற பொருள் குடல் செல்களில் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் கசாப்புக் கூடத்துப் பன்றி மூளைகளை வாங்கி அரைத்து 1975இல் கண்டுபிடித்த பொருள் அது. உடம்பு அதைச் சுரந்த கையோடு ஒரு நொதியை விட்டு அழித்தும்விடுகிறது. ரேஸ்கடோட்ரில் அந்த நொதியைக் கட்டிப்போடும். என்கெஃபலின் கொஞ்சம் கூடுதல் நேரம் உயிரோடிருக்கும், நீர் கொட்டுவது குறையும். ஓட்டத்தை நிறுத்தாததால் மலச்சிக்கல், உப்புசம் குறைவு. தலைவலி வரலாம், தோலில் தடிப்பு வரலாம். பிரஷருக்கு ராமிப்ரில், எனாலப்ரில் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த நொதி என்கெஃபலினை மட்டும் அழிப்பதில்லை, பிராடிகைனின் என்ற பொருளையும் அழிக்கிறது. பிரஷர் மாத்திரையும் அதே பிராடிகைனினைத் தேங்கவிடும். இரண்டும் சேர்ந்தால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கும் ஆபத்து இருக்கிறது. மறுபடியும் பாருங்கள், அதே வேலை, வேறு இடம்.

அடுத்த மருந்தைச் சொல்ல ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போக வேண்டும். குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லம்தான் இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை; எச்.ஐ.வி. சிகிச்சையில் நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று. எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, கிருமி எதுவுமில்லாமலேயே மாதக்கணக்கில் வயிற்றால் போகும். அவர்களுக்காகவே 2012 கடைசியில் அமெரிக்காவில் குரோஃபெலமர் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தென்னமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் ரத்தச் சிவப்புப் பாலிலிருந்து எடுப்பது. குடல் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாய்க்கால்களை அடைக்கும், தண்ணீரும் பின்னால் போகாது. வேதியியலில் அது துவர்ப்புப் பொருள்களின் வம்சம். மாதுளம்பழத் தோலைக் காய்ச்சிக் கொடுத்த பாட்டிகளும் நம்பியது துவர்ப்பைத்தான். சானடோரியத்திலேயே இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து ஆட்களிடம் கேட்டால், கழிச்சலுக்குத் தயிர்ச்சுண்டி சூரணம் என்று தொடங்கிவிடுவார்கள். அது தனிக் கட்டுரை.

ஆன்டிபயாடிக் அட்டைகளைப் பற்றி நான் நிறையப் பேசப் போவதில்லை, கோபம் வரும். ஓஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் ஒன்றாகக் கோத்த மாத்திரை இந்த டிராயரில் அதிகமாகக் கரைகிறது. சாதாரணத் தண்ணீர் வயிற்றோட்டம் பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. லாபம் என்னவென்றால் வாயெல்லாம் இரும்புச் சுவை, குமட்டல், அரிதாகத் தசைநார் பாதிப்பு, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அடி. அந்த அடியாலேயே மறுபடி வயிற்றால் போகலாம் என்பதுதான் உச்சக்கட்டக் காமெடி. காலரா, சீதபேதி என்று டாக்டர் சோதித்து எழுதினால் அப்போது அது அருமையான மருந்து.

குரோம்பேட்டைக்காரர்களுக்கு வயிற்றோட்டம் எப்போதும் காமெடி அல்ல என்பதும் தெரியும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பக்கத்துப் பல்லாவரத்தில் ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள். அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. தண்ணீர் மாதிரிகள் சோதனைக்குப் போயின. அந்த வாரம் கடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். “மாத்திரை கேட்டுத்தான் வந்தாங்க. நான் ஓ.ஆர்.எஸ். பெட்டியைப் பிரிச்சு கவுன்டர் மேலேயே கொட்டி வெச்சிட்டேன்” என்றார்.

ஏனென்றால் வயிற்றோட்டத்தில் ஆளைக் கொல்வது போகிற எண்ணிக்கை இல்லை, போகிற தண்ணீரும் உப்பும். லோபெரமைடு எண்ணிக்கையைக் குறைக்கும். போனதைத் திருப்பித் தராது. குடலுக்குள் தேங்கி நிற்கும் நீரும் உடம்புக்கு நஷ்டக் கணக்குதான், வெளியே வரவில்லை என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

திருப்பித் தருவது அந்தச் சப்பையான பாக்கெட். அதன் முதுகைத் திருப்பிப் படித்துக் காட்டினார் அக்கா. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை ருசிக்காக இல்லை! சிறுகுடல் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே ஏற்றும். 1960இல் பிராகில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இந்த ஜோடிக் கணக்கைச் சொன்னார். சோடியம் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு மற்றக் கதவுகளையெல்லாம் கலைத்துப் போட்டாலும் இந்த ஒரு கதவு கெடுவதில்லை. அப்படி ஒரு நஞ்சு இருக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில் காட்டியவர் சம்பு நாத் டே, நம் நாட்டுக்காரர். 1971 வங்கதேசப் போர் அகதிகளிடையே, பங்காவ் முகாமில், டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸைக் கலந்து டிரம்களில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தவர் திலீப் மஹாலனோபிஸ். அங்கே 30 சதவீதமாக இருந்த காலரா மரணம் 3.6 சதவீதமாக இறங்கியது. மாயாஜாலம் கேட்ட அந்த எம்.ஐ.டி. பையனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரத்தது.

இதற்கும் தப்பாக நடக்க இடம் உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு ஏகத்துக்கும் ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். 200 மில்லி பாக்கெட் தனியாக இருக்கிறது, அதை வாங்குங்கள். பாலோ ஜூஸோ சேர்க்காதீர்கள், வெறும் தண்ணீர்தான். குழந்தைகளுக்கு இதோடு 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயிற்றோட்டம் நின்றதும் ஜிங்க்கையும் நிறுத்திவிடுவது நம் வீடுகளின் வழக்கம்.

அக்காவின் உண்மையான பகையாளி வேறு. “மாத்திரை இல்லங்க, இதுதான்” என்று ஃப்ரிட்ஜைக் காட்டினார். பேரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிக்கொண்டு, பல மடங்கு சர்க்கரையோடு, அட்டைப் பெட்டியில் வந்துகொண்டிருந்த பானங்கள் அங்கே அடுக்கியிருந்தனவாம். வயிற்றோட்டத்தில் சர்க்கரை அதிகமானால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து நிலைமையை மோசமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஓ.ஆர்.எஸ். சூத்திரத்துக்குப் பொருந்தாத உணவுப் பானங்களின் பேரில் அந்த மூன்று எழுத்து வரவே கூடாது என்று உத்தரவு போட்டது. “அன்னிக்கு நான் கடையில ஸ்வீட் கொடுத்தேன்” என்றார் அக்கா. சர்க்கரையை எதிர்த்து ஸ்வீட்!

நான் பலகையைத் தூக்கி வெளியே வரும்போது ஒருவர் கவுன்டரில் சாய்ந்து, குரலை இறக்கி, “மேடம், அந்த ஆரஞ்சு ஜூஸ் டப்பா இருக்கா, குடிச்சா வயிறு நிக்குமே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

“இதைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க சார். ராத்திரிக்குள்ள குறையலன்னா டாக்டரைப் பாருங்க.”

“டேஸ்ட்டு நல்லா இருக்குமா?”

“கண்ணீர் அளவுக்கு உப்பு இருக்கும். அதுக்கு மேல உப்பு கரிச்சா நீங்க தப்பாக் கலக்கியிருக்கீங்க.”

“கண்ணீரா?” என்று யோசித்தவர், பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அதுலயே ஆரஞ்சு இருந்தா கொடுங்க.”